ஐந்து பேர் ஓடிய மரதன்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், இலண்டன் கிளையைச் சேர்ந்த 1990 உயர்தர வகுப்பு மாணவிகள் ஐவர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த மேடையில் பேச அழைத்தபோது, ஐந்து பேரும் ஒன்றாக ஏறலாமா என்று கேட்டோம். நேரம் போதாது, ஒருவர் வாசித்தால் போதும் என்றார்கள். ஆகவே வாசிப்பது ஒருத்தி, பேசுவது ஐவரும். எங்களுள் ஒருத்தி தாதி. ஒருத்தி கணக்காளர். ஒருத்தி தபாற்கந்தோரில் வேலை செய்கிறாள். ஒருத்தி பாடசாலையில் உதவி ஆசிரியை. ஐந்தாமவள் கணவருடன் கடை நடத்துகிறாள். நாங்கள் யாரும் கல்லூரியில் வெற்றிக் கிண்ணம் வாங்கியவர்கள் அல்லர். இல்ல விளையாட்டுப் போட்டி நாளில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தவர்கள் என்று சொன்னால், அந்தக் கால ஆசிரியைகளுக்கு எங்களை நினைவு வரலாம்.

எங்கள் வகுப்பில் ஓடக்கூடியவள் ஒருத்தி இருந்தாள். 800 மீற்றரில் அவளுக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்க்க நாங்கள் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். அவள் ஊரை விட்டுப் போகவில்லை. இன்று கிளிநொச்சி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியை. போரின் கடைசிக் காலத்தில் வலது காலில் காயம்பட்டதால் அவளால் இப்போது ஓட முடியாது. ஆனால் எங்களை ஓட வைத்தவள் அவள்தான். இந்த உரையில் அவளை ஆறாமவள் என்று குறிப்பிடுகிறோம். பெயர் சொல்ல வேண்டாம் என்பது அவளுடைய விருப்பம்.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எங்கள் கடைக்காரிக்கு இலண்டன் மரதனுக்கான குலுக்கலில் இடம் கிடைத்தது. யாரோ சொன்னார்கள் என்று விளையாட்டுக்கு விண்ணப்பித்தவள், கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் எங்களுக்கு அழைப்பு எடுத்தாள். "தனிய ஓட மாட்டன், நீங்களும் வாங்கோ" என்றாள். குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. தொண்டு நிறுவனங்கள் சில இடங்களை வைத்திருக்கும். குறிப்பிட்ட தொகையைச் சேர்த்துத் தருவதாக உறுதியளித்தால் அந்த இடத்தைத் தருவார்கள். மற்ற நால்வரும் அப்படித்தான் சேர்ந்தோம். றோல்ஸ் சுட்டு விற்றோம். கோயிலிலும் தேவாலயத்திலும் உண்டியல் வைத்தோம். தபாற்கந்தோர்க்காரி தன் வேலையிடத்தில் ஆள் விடாமல் கேட்டாள்.

வீடுகளில் கிடைத்த ஆதரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "உங்களுக்கென்ன விசரே?" என்பது பொதுவாக எல்லா வீட்டிலும் கேட்டது. ஒரு மாமி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிள்ளை, ஆர் துரத்தினது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்றைக்கும் சரியான பதில் இல்லை.

மரதன் என்றால் 42.195 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போவதிலும் கூடிய தூரம். இந்தக் கணக்கு வந்ததே இலண்டனில்தான். 1908ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி பாதையை வைத்தார்கள். அதை அளந்தபோது 26 மைலும் 385 யாரும் வந்தது. பின்னர் 1921இல் அதையே உலகம் முழுவதற்குமான தூரமாக்கினார்கள். ஓட்டத்தின் கடைசி மைலில் கால் நோகும்போது அந்த அரச குடும்பத்தை நினைக்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

இதில் பெண்களின் கதை தனி. 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீற்றர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனார்கள் என்று காரணம் காட்டி, பிறகு 1960 வரை அந்த ஓட்டத்தைப் பெண்களுக்கு இல்லாமலே செய்தார்கள். களைத்துப் போகாமல் 800 மீற்றர் ஓடிய ஆணை யாராவது கண்டதுண்டா? 1966இல் பொஸ்ரன் மரதனில் பொபி கிப் என்ற பெண், தொடக்க இடத்துக்குப் பக்கத்திலிருந்த பற்றைக்குள் ஒளிந்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தோடு சேர்ந்து ஓடி முடித்தாள். அடுத்த ஆண்டு கத்ரின் சுவிற்சர், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிந்து, 261ஆம் இலக்கத்துடன் ஓடினாள். நடு வழியில் ஓர் அதிகாரி ஓடி வந்து அந்த இலக்கத்தைப் பிடுங்கப் பார்த்தார். பெண்களைப் பொஸ்ரனில் முறைப்படி சேர்த்தது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்தது 1984இல். அப்போது நாங்கள் இந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் மைதானத்திலும் பெண்பிள்ளைகளுக்கு மிக நீண்ட ஓட்டம் 800 மீற்றராகவே இருந்தது.

எங்களுக்கு மிகவும் பிடித்த கதை ஜொய்ஸ் சிமித்தினுடையது. இலண்டன் மரதன் முதன்முதலாக 1981 மார்ச் 29ஆம் திகதி நடந்தது. அன்று பெண்களில் முதலாவதாக வந்தவர் அவர். வயது 43, இரண்டு பிள்ளைகளின் தாய். 2 மணி 29 நிமிடம் 57 செக்கன்களில் ஓடினார். அடுத்த வருடமும் அவரே வென்றார். அதே முதலாவது ஓட்டத்தில் ஆண்களில் முன்னணியில் வந்த அமெரிக்கரும் நோர்வேக்காரரும் ஒருவரை ஒருவர் முந்தாமல், கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகவே கோட்டைக் கடந்தார்கள். இந்தக் கதையை எங்களுக்குத் தேடி அனுப்பியவள் ஆறாமவள்.

பயிற்சி அட்டவணையையும் அவளே எழுதினாள், ஒற்றைறூள் கொப்பித் தாளில். படம் எடுத்து அனுப்பினாள். செவ்வாயும் வியாழனும் சிறிய ஓட்டம். ஞாயிறு நீண்ட ஓட்டம். முதல் ஞாயிறு 5 கிலோமீற்றர். வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்து, போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன்னர் 32 கிலோமீற்றர். அதன் பிறகு உடம்புக்கு ஓய்வு. ஓடும் முறையும் அவள் சொன்னதுதான்: நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இதை ஜெவ் கலோவே என்ற அமெரிக்க ஒலிம்பிக் ஓட்டக்காரர் 1970களிலேயே பழக்கி வந்தார். நடப்பது தோல்வி என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது. ஐம்பது வயது முழங்காலுக்கு நன்றாகப் பிடிக்கும்.

தொடங்குவதற்கு முன்னர் ஐவரும் வைத்தியரிடம் போக வேண்டும் என்பது எங்கள் தாதியின் கட்டளை. போனோம். ஒருத்திக்கு இரத்தத்தில் சீனி எல்லையில் நின்றது. இன்னொருத்திக்கு இரும்புச்சத்து நன்றாகக் குறைந்திருந்தது. தெற்காசியருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சோதிக்காமல் இருந்தோம். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் நித்திரையின்மையையும் உடல் சூட்டையும் பற்றி முப்பது வருடச் சிநேகிதத்தில் நாங்கள் வாய் திறந்து பேசியதில்லை. ரிச்மண்ட் பூங்காவில் மான்களுக்கு நடுவே மூச்சு வாங்க நடந்தபோதுதான் பேசினோம். பக்கத்தில் ஓடுபவளின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாததால் சில விஷயங்களைச் சொல்வது சுலபமாக இருந்தது.

டிசெம்பரில் இலண்டனில் பனி கொட்டியது. எங்கள் பயிற்சி தொடங்கிய வேளை அது. "பனியில சறுக்கி விழுந்தால் அட்டவணை என்னத்துக்கு? வீட்டுக்குள்ள படி ஏறி இறங்குங்கோ" என்று ஆறாமவள் குரற்பதிவு அனுப்பினாள். பின்னணியில் அவளுடைய மாணவிகள் மணல் தரையில் ஓடும் சத்தமும் விசிலும் கேட்டன. சாப்பாட்டில் எங்களுக்குள் சண்டையே நடந்தது. ஓட்ஸ் என்றாள் ஒருத்தி, பாண் என்றாள் ஒருத்தி. கடைசியில் நீண்ட ஓட்டத்துக்கு முதல் நாள் இரவு இடியப்பமும் சொதியும், காலையில் வாழைப்பழமும் பிளேன்டீயும் என்று முடிவானது. கால்விரல்களுக்கு வசலீன், இரவுக்குச் சித்தாலேப. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்தில் இருக்க மறுத்தார்கள்.

போட்டிக்கு முதல் வாரம் ஒரு கேள்வி வந்தது. ஐவரும் ஒன்றாக ஓடுவதா, அவரவர் வேகத்தில் ஓடுவதா? கடைக்காரி எங்களுள் வேகமானவள். அவள் மற்றவர்களுக்காக மெதுவாக ஓடினால் அவளுக்கு அநியாயம். மற்றவர்கள் அவளோடு ஓடினால் பாதியில் விழுவார்கள். ஆறாமவளிடம் கேட்டோம். அவள் சொன்னாள்: "ஓடுறவள் ஓடட்டும், நடக்கிறவள் நடக்கட்டும். ஒருத்தியும் தனிய விடுபடக் கூடாது. அவ்வளவுதான்." ஆகவே ரவர் பிரிட்ஜ் வரை ஐவரும் ஒன்றாக, அதற்குப் பிறகு கடைக்காரியும் உதவி ஆசிரியையும் முன்னே, மற்ற மூவரும் பின்னே என்று தீர்மானித்தோம்.

2023 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை. மழைத் தூறல். பிளக்ஹீத் வெளியில் பொலித்தீன் பைகளைப் போர்த்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். வேகமானவர்கள் முன்னரே போய்விட்டார்கள். எங்கள் அணி கோட்டைக் கடந்தபோது பதினொரு மணி. இலங்கையில் பிற்பகல் மூன்றரை. சட்டையில் குத்திய இலக்கத்தோடு ஒரு சிறிய கருவி இருக்கிறது. அது ஒவ்வொரு ஐந்து கிலோமீற்றரிலும் நேரத்தைப் பதிந்து அனுப்பும். கைபேசியில் எங்கள் ஐந்து பெயரையும் போட்டு வைத்துக்கொண்டு ஆறாமவள் கிளிநொச்சியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வூலிச் வழியாகக் கிறீனிச்சுக்கு வந்து, கட்டி சார்க் கப்பலைச் சுற்றினோம். 1869இல் கட்டிய தேயிலைக் கப்பல் அது. அந்த இடத்தில் சனத்தின் சத்தத்தில் பக்கத்திலிருப்பவள் சொல்வது கேட்காது. முன்பின் தெரியாத பிள்ளைகள் கையை நீட்டி இனிப்புத் தருகிறார்கள். சட்டையில் எழுதியிருக்கும் எங்கள் தமிழ்ப் பெயர்களை வாசிக்க முயன்று, முடியாமல், முதல் எழுத்தை மட்டும் சொல்லிக் கத்துகிறார்கள். அப்படிக் கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது. சரியாக இருபதாவது கிலோமீற்றரை ஒட்டி ரவர் பிரிட்ஜ் வரும். பாலத்தின் நடுவில் ஐவரும் கையைக் கோத்து ஒரு படம் எடுத்தோம். அந்தப் படம் இம்மலரில் உள்ளது. பாலம் கடந்ததும் இருவர் முன்னே போனார்கள். மழைக்குள் அவர்களுடைய தொப்பிகள் கொஞ்ச நேரம் தெரிந்தன, பிறகு தெரியவில்லை.

மனித உடம்பு தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றருக்குத்தான் காணும். அதன் பிறகு திடீரென்று கால் ஈயமாகும். ஓட்டக்காரர்கள் இதைச் சுவர் என்பார்கள். எங்களுக்குச் சுவர் இருபத்தொன்பதாவது கிலோமீற்றரில், கனெறி வோவின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் வந்தது. கணக்காளரின் தொடை இறுகிப் பிடித்தது. அவள் நடைபாதை ஓரத்தில் இருந்துவிட்டாள். தாதி காலைப் பிடித்து நீட்டினாள். தபாற்கந்தோர்க்காரி தண்ணீரும் உப்புப் பிஸ்கற்றும் கொடுத்தாள். பத்து நிமிடம் போனது. "நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ" என்றாள் கணக்காளர். போகவில்லை. இரண்டாம் முறை கோபமாகச் சொன்னாள். மூன்றாம் முறை தாதியைப் பார்த்து, "அண்டைக்கும் போனனிதானே, இண்டைக்கும் போவன்" என்றாள்.

இதை இங்கே சொல்வதற்கு இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். 1991இல் இவர்கள் இருவரும் கிளாலிக் கடலைக் கடந்து ஒன்றாகக் கொழும்புக்குப் போவதாகத் திட்டமிட்டிருந்தார்கள். புறப்பட இரண்டு நாள் இருக்கையில் கணக்காளரின் தாயாருக்குச் சுகமில்லாமல் போனது. "நீ போ, நான் பிறகு வாறன்" என்றாள். தாதி போனாள். அந்தப் பிறகு வர ஒன்பது வருடம் ஆனது. இடையில் 1995 இடப்பெயர்வு, முகவரி மாற்றங்கள், போய்ச் சேராத கடிதங்கள். இருவரும் இலண்டனில் மீண்டும் சந்தித்து, பிள்ளைகளின் பிறந்தநாள்களுக்குப் போய் வந்து, இருபது வருடத்துக்கு மேல் நெருக்கமாகவே இருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

தாதி காலை நீவுவதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே சொன்னாள்: "அண்டைக்கு நீ போ எண்டனி, நான் போனன். இண்டைக்கும் நீதான் போ எண்டுறாய். இந்த முறை நான் கேக்க மாட்டன். எழும்பு." கணக்காளர் அழுதாளா சிரித்தாளா என்று தபாற்கந்தோர்க்காரிக்குத் தெரியவில்லை, மழை பெய்துகொண்டிருந்தது. எழும்பினாள். அங்கிருந்து மூவரும் நடந்தார்கள். ஓடக்கூடிய இடத்தில் ஓடினார்கள்.

இதே மழையில், இதே வீதியில் சில மணி நேரத்துக்கு முன்னர் நடந்த ஒன்றை நாங்கள் பின்னர்தான் அறிந்தோம். பெண்களுக்கான போட்டியில் சிபான் ஹசன் அன்றுதான் முதன்முதலாக மரதன் ஓடினார். இடையில் காலில் நோவு வந்து, நின்று நின்று நீட்டி, முன்னணிக் குழுவிலிருந்து பின்தங்கிப் போனார். பிறகு மீண்டும் எட்டிப் பிடித்து, 2 மணி 18 நிமிடம் 33 செக்கன்களில் வென்றார். எங்கள் கணக்காளர் இதை இப்போதும் எல்லோருக்கும் சொல்கிறாள். தானும் சிபான் ஹசனும் ஒரே நாளில், ஒரே பாதையில், ஒரே மாதிரி நின்றவர்கள் என்று.

முன்னே போன இருவரும் 5 மணி 18 நிமிடத்தில் முடித்தார்கள். பக்கிங்ஹாம் மாளிகையைத் தாண்டித் திரும்பினால் மோல் வீதியில் முடிவுக் கோடு. பதக்கம் போட்டார்கள். அதற்கு அப்பால் குதிரைப்படை மைதானத்தில் ஆங்கில எழுத்துகளைப் பெரிதாக எழுதி வரிசையாக நட்டிருப்பார்கள். வந்தவர்கள் தங்களுடையவர்களை அந்த எழுத்தின் கீழ் சந்திக்கலாம். நாங்கள் நம் கல்லூரியின் முதலெழுத்தைக் குறித்து வைத்திருந்தோம். மூவரின் நேரம் முப்பதாவது கிலோமீற்றரில் அசையாமல் நிற்பதை அந்த இருவரும் கைபேசியில் கண்டார்கள். வீட்டுக்குப் போகச் சொல்லிக் கணவன்மார் கேட்டார்கள். போகவில்லை. வெள்ளித் தாள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, அந்த எழுத்தின் கீழ் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக நின்றார்கள். முன்னே போவது சுலபம், நின்று காத்திருந்ததுதான் அன்றைய நாளின் மிகக் கஷ்டமான பகுதி என்று கடைக்காரி சொல்லுவாள்.

மூவரும் கோட்டைக் கடந்தபோது 6 மணி 41 நிமிடம். இலங்கையில் இரவு பத்து மணி தாண்டிவிட்டது. எங்கள் குழுவில் ஆறாமவளின் செய்தி வந்து கிடந்தது: "ஐஞ்சும் வந்திட்டுது. இனி நான் படுக்கிறன்."

அன்பான பழைய மாணவிகளே, ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். இதை ஏன் இந்த நூற்றாண்டு மேடைக்குக் கொண்டுவந்தோம் என்றும் சொல்ல வேண்டும்.

நம் வகுப்புகளில் போனவர்கள் இருக்கிறார்கள். நின்றவர்கள் இருக்கிறார்கள். போனவர்களுக்கு விட்டிட்டு வந்தோமே என்ற ஒரு நோவு. நின்றவர்களுக்கு விட்டிட்டுப் போனார்களே என்ற ஒரு நோவு. இந்த மண்டபத்திலேயே, முப்பது வருடமாகப் பேசாத சிநேகிதிகள் ஒரு மேசை தள்ளி இருக்கக் கூடும். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தக் காலத்தில் அவரவர் வீட்டு நிலைமை அவரவரைத் தள்ளியது. ஆனால் போ என்று சொன்னவளும், அதைக் கேட்டுப் போனவளும் ஒரு நாளாவது அதைப் பற்றி வாய் திறந்து பேசிவிட வேண்டும் என்பது எங்கள் அனுபவம். அதற்கு ஐம்பது வயதில் மரதன் ஓட வேண்டும் என்பதில்லை. ஒரு ஞாயிறு ஒன்றாக நடந்தாலும் போதும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒவ்வொரு கிளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து நடப்போம். கொழும்பில் காலிமுகத்திடலில், ரொறன்ரோவில் ஏரிக்கரையில், மெல்பேணில், சூரிச்சில், ஊரில் நம் கல்லூரி மைதானத்தில். வேகம் தேவையில்லை. வெளிக்கிட முன்னர் வைத்தியரிடம் சீனியும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட காலம் பேசாத ஒருத்தியை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

இரண்டாவது, ஆறாமவளின் வேண்டுகோள். அவளுடைய பாடசாலையைப் போன்ற பல இடங்களில் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடுகிறார்கள். ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டோம். பிள்ளைகளின் கால் அளவுகளை எழுதி அனுப்பினாள், அதே ஒற்றைறூள் கொப்பித் தாளில். அந்தப் பட்டியலின் பிரதிகள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் ஓர் அளவைத் தெரிவுசெய்து பொறுப்பெடுத்தால், அடுத்த விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் பட்டியல் முடிந்துவிடும்.